மாப்ள ஆப்பும் ஜீப்பு முன்னால் எடுத்த படமும்

உங்கள் மாமா பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வாடகை வீடு எடுத்துத் தங்கி, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஏன் குமுளியை விட்டுப் போனார் என்பதுதான் சரியாகத் தெரியாது. போன தடவை அவர் வந்திருந்தபோது சாப்பிடும் இடத்தில் சின்னவன் கேட்டான்: "மாமா, உங்க போன் ஆப்பு நல்லா இல்லாததாலதான் எல்லாரும் வேற ஆப்புக்குப் போயிட்டாங்களா?" மாமா சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். பெரியவளும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றுதான் நினைத்திருப்பாள்.

அப்படி நீங்கள் நினைத்துக்கொண்டே வளர்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் மாமா என் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்ன அளவுக்குத்தான் தெரியும். தப்பாக எழுதியிருந்தால் படித்தவர்கள் நீங்கள், திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது நான் கண்ணால் பார்த்தது.

அப்போது மாமாவுக்கு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை இருந்தது. காலையில் கம்பத்திலிருந்து பஸ்கள் மலையேறி வந்து, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்களை இறக்கிவிடும். ஏலக்காய் எடுக்க வரும் பெண்கள் தூக்குவாளியோடு கேரளா பார்டரைத் தாண்டி நடந்து வருவார்கள். இந்தப் பக்கம் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எந்தத் தோட்டத்தில் இன்றைக்குக் காய் எடுப்பு, எங்கே மழை ஊற்றுகிறது, எந்த ஜீப்பு நடுவழியில் படுத்துவிட்டது, இதெல்லாம் தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் போன் போட வேண்டும். பாதி நாள் தோட்டத்துக்காரர் எடுக்க மாட்டார். வண்டி ஒரு பக்கம் போகும், வேலை இன்னொரு பக்கம் இருக்கும்.

இந்தக் கூத்தைக் கடை வாசலில் இருந்து தினமும் பார்த்துத்தான் மாமா அந்த ஆப்பைச் செய்தார். எழுத்தே கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், அவ்வளவுதான். நம் தோட்டத்துக்காரர்கள் மலையாளத்தில் பேசினால் எங்கள் வண்டிப் பெண்கள் எல்லோருக்கும் புரியும், எழுதினால் ஒருவருக்கும் புரியாது. அது மாமாவுக்குத் தெரியும். நான் பேசினால் என் வண்டியில் வரும் பெண்களுக்கும், அன்றைக்குப் போகிற தோட்டத்துக்கும் மட்டும் கேட்கும். பக்கத்து ஜீப்புக்காரருக்குக் கேட்காது. சாயங்காலம் ஆனால் பேசியதெல்லாம் தானாக அழிந்துவிடும். "நேத்துப் பேசினது நாளைக்கு எதுக்கு மச்சான்? சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும்," என்பார்.

அதற்கு ஏதோ ஒரு நல்ல பேர் வைத்திருந்தார். யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. நான் அவரை மாப்ள, மாப்ள என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய பெண்கள், ஆப்புக்கும் அதே பேரை வைத்துவிட்டார்கள்.

"மாப்ளைல சொல்லிட்டியாடி?"

"மாப்ள இன்னும் எந்திரிக்கலக்கா. சுத்திக்கிட்டே நிக்கிறாரு."

"ஒங்க வீட்டு மாப்ள எந்திரிச்சிட்டாரா, அத மொதல்ல சொல்லு."

மாமா கடையிலிருந்து இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். கல்யாணம் ஆகாத மனிதர். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வண்டன்மேடு, ஆனக்கரைப் பக்கத்து ஜீப்புகளும் கேட்டு வந்து சேர்ந்தன. உரக்கடைக்காரர்களும் மசாலாக் கடைக்காரர்களும் அதில் விளம்பரம் பேசுவதற்கு ஏதோ கொடுத்தார்கள். கடையை ஆள் வைத்து நடத்திக்கொண்டு, தான் முழு நேரமும் ஆப்பையே பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா நினைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. இன்னொரு பருவம் இப்படியே ஓடினால் போதும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில்தான் அது வந்தது.

எது என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனி பேர் எழுத மாட்டேன். நாம் சேதி அனுப்புவதும் அவர்கள் ஆப்பில்தான், சித்தி பிள்ளைகளின் படம் பார்ப்பதும் அவர்கள் ஆப்பில்தான். நம் எல்லோர் போனிலும் முன்பே வந்து உட்கார்ந்திருந்த கம்பெனி. அவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேசலாம், படம் போடலாம், உலகமே பார்க்கலாம் என்றார்கள்.

நான் வண்டியில் உட்கார்ந்து பெண்களுக்காகக் காத்திருந்தபோது போனைப் பார்த்தேன். ஒரு சேதி வந்திருந்தது. தட்டினேன். என்ன தட்டினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அடுத்த நிமிஷம் என் பேர், என் படம், போன கிறிஸ்துமஸுக்கு எடுத்து அவர்களுடைய பழைய ஆப்பில் வைத்திருந்த அதே படம், அந்தப் புதுசில் இருந்தது. கீழே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். என் வண்டியின் கங்காணி அக்காவும் இருந்தார், மகன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களைச் சேர்த்துக் கூட்டிவருவது அவர்தான். வயதில் என்னைவிடப் பெரியவர். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வார். என் வண்டி ஓட்டத்துக்காகத்தான் போடுகிறார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் வந்ததும் கேட்டேன்.

"என்னக்கா, புதுசுல சேந்துட்டீங்க போல?"

"நா எங்க தம்பி சேந்தேன்? அதுவா வந்துச்சு."

"நீங்க எதையும் தட்டலையா?"

"தட்டுன்னு கேட்டுச்சு, தட்டுனேன். வீட்டுக்கு வந்தவங்க கதவத் தட்டுனா தொறக்க மாட்டமா?"

எனக்கு, யாரோ நாம் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் வந்து, எதையும் எடுக்காமல், நாற்காலிகளை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மாமாவிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்க குறி வேற ஒரு பெரிய கம்பெனி மேல மச்சான். அங்க இருக்கற ஆளுகளைப் பிடிக்கப் பாக்கறாங்க. நம்ம குமுளி எங்க இருக்குன்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

டீக்கடையிலும் அதே பேச்சுதான். மசாலாக் கடைக்காரர் ஒருவர் சொன்னார், "நல்லதுதானப்பா. ரெண்டு டீக்கடை இருந்தாத்தான் டீ நல்லா இருக்கும்." 

மாமா அதற்கு ஒரு பதில் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அது மறக்கவில்லை. "ரெண்டாவது கடையை வேற ஒருத்தர் வெச்சா சரிண்ணே. பஸ் ஸ்டாண்டே யாரு கையில இருக்கோ, அவரே உள்ள ஒரு கடை போட்டு, பஸ்ஸைக் கடை வாசல்லயே நிறுத்தினா? இறங்கறவன் அங்கதான குடிப்பான். டீ எப்படி இருந்தா என்ன?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நமக்கு ஆபத்து இல்லை என்றும் சொல்கிறார், ஆபத்து எப்படி வரும் என்றும் சொல்கிறார். படித்தவர்களிடம் இதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

எனக்கு ஏன் சந்தேகம் விடவில்லை என்றால், ஆட்கள் இடம் மாறுவது எப்படி என்று தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஏலக்காட்டில் பெண்கள் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். ஒரு செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தரையோடு குனிந்து, முற்றிய காயை மட்டும் எடுத்துப் பிஞ்சை விட வேண்டும். ஜோடி சரியில்லை என்றால் அவள் பறித்த பிஞ்சுக்கு இவள் திட்டு வாங்க வேண்டும். அதனால் நல்ல ஜோடி கிடைத்தவள் அந்த ஜோடி இல்லாமல் எந்தத் தோட்டத்துக்கும் போக மாட்டாள். பக்கத்தில் ஒரு பெரிய எஸ்டேட் ஆள் சேர்க்க வந்தபோது, அவர்களுடைய சூப்பர்வைசர் கூலி அதிகம் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜீப்பு நிற்கும் இடத்தில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, யாருக்கு யார் ஜோடி என்று மட்டும் விசாரித்தார். பிறகு ஒரே ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் போனாள், அவள் ஜோடி போனாள், ஜோடியின் நாத்தனார் போனாள். மாதம் முடிவதற்குள் இரண்டு ஜீப்பு காலி.

புதிதாக வந்த இந்தக் கம்பெனிக்கு டீ, பன் செலவுகூட இல்லை. யாருக்கு யார் ஜோடி என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். நாமே பல வருஷமாக அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே.

கொஞ்ச நாளில் என் வண்டியில் ஆள் குறையத் தொடங்கியது.

சிவப்பு ஜீப்புக்காரர் ஒருவர் அப்போது புதிதாக வண்டி எடுத்திருந்தார். இளவயது. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வருவார். நான் ஸ்டாண்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால் அவர் வந்து நின்றிருப்பார். என் பெண்களிடம் போய், "அக்கா, ஆனக்கரை மேத்தோட்டந்தான? நானும் அங்கதான் போறேன். மழையில நிக்காதீங்க, ஏறுங்க," என்பார். மழையில் நிற்பவர்கள் ஏறத்தான் செய்வார்கள். ஒரு நாள் தோட்டத்துக்குப் போனால் அவர் வண்டி முன்பே அங்கே நிற்கிறது. இன்னொரு நாள் தோட்டத்துக்காரரே என்னிடம், "ஆள் தெகஞ்சல்லோ, இன்னு வேண்டா," என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆள் நிறைந்துவிட்டதாம்.

திரும்பி வரும் வழியில் சிவப்பு ஜீப்பு எதிரில் வந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார். "என்னண்ணே, இன்னிக்கு வண்டி லேசா ஏறுது போல?"

வண்டிக்குள் இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். நாம் எங்கே போகிறோம் என்று இவனுக்கு யார் சொல்கிறார்கள்? முதலில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். ஒருத்தியின் கொழுந்தன் சிவப்பு ஜீப்புக்காரருக்கு நண்பன் என்று பேச்சு வந்து, அவள் அழுதுகொண்டே பாதி வழியில் இறங்கப் போனாள். பிறகு கங்காணி அக்கா ஒரு வார்த்தை சொன்னார்.

"நம்ம எங்க போறோம்னு எங்க சொல்றோம்? மாப்ளைலதான சொல்றோம்?"

மறுநாள் காலையில் மாமாவை ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார்கள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தார். பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் பேசினாலும் தப்பாகிவிடும். மாமா உங்கள் அம்மாவின் தம்பி, இவர்கள் என் வண்டி.

"தம்பி, நீ நல்ல பிள்ளதான்," என்று அக்கா ஆரம்பித்தார். "ஆனா ஒன்னோட ஆப்புலருந்துதான் வெசயம் வெளிய போவுது."

"அக்கா, அது உங்க வண்டிக்கு மட்டுந்தான் கேக்கும். நானே நெனச்சாலும் கேக்க முடியாது. சாயங்காலம் அழிஞ்சும் போயிரும்."

"அழிஞ்சிருச்சுன்னு நீதான சொல்ற? நாங்க பாத்தமா?"

"அழிஞ்சத எப்டிக்கா காட்டறது?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா மெதுவாகக் கேட்டார், "நீங்க இப்ப அந்தப் புதுசுலயும் இருக்கீங்கல்ல? அதுல ஏதாச்சும் சொன்னீங்களா?"

"அதுல நாங்க ஒரு வார்த்த பேசல. சாமி சத்தியமா. படம் மட்டுந்தான் போடுவோம்."

"என்ன படம்?"

"சும்மா, வண்டி முன்னால நின்னு எடுப்போம்ல, அது."

எனக்கும் அது தெரியும். தோட்டத்துக்குப் போய் இறங்கியதும் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது வழக்கம். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தோட்டத்துக்காரருக்கு அனுப்புவதற்காக எடுக்கிற படம். சட்டையைச் சேலைக்கு மேலே போட்டு, தலையில் துண்டு கட்டி, இடுப்பில் காய்ப்பையோடு நிற்பார்கள். புதுசு வந்த பிறகு அந்தப் படத்தை அதிலும் போட ஆரம்பித்திருந்தார்கள். கம்பத்தில், தேனியில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்து இதயம் போடுகிறார்கள், "அக்கா சூப்பர்" என்று எழுதுகிறார்கள் என்று அவர்களுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்து யார் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாமாவுக்கு அப்போது ஏதோ பிடிபட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "அக்கா, அந்தப் படந்தான்..." என்று தொடங்கினார்.

"படம் பேசுமா தம்பி?" என்றார் அக்கா. "வாயத் தொறந்து சொன்னது ஒங்கிட்ட மட்டுந்தான். அவனுக்கு என்னத்துக்கு நம்ம ஜீப்பு? அமெரிக்காவுல இருக்கறவன் வந்து ஏலக்கா எடுக்கப் போறானா?"

இதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் கணக்கில் சொல்வது என்றால் வாயால் சொல்வது. ஊரில் ஒரு விஷயம் வெளியே போனால், யார் வாயிலிருந்து போனது என்றுதான் கேட்போம். படத்துக்கு வாய் கிடையாது. மாமாவின் ஆப்புக்கோ வாய் மட்டும்தான் உண்டு. அதனால் பழி அங்கே போய் நின்றது. தெரிந்தவர் என்பதாலும் அவர்மேல் நின்றது. தெரியாத ஒருவரிடம் போய் எப்படி ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துக் கேட்பது?

அன்றிலிருந்து என் வண்டிப் பெண்கள் மாப்ளையில் பேசுவதை நிறுத்தினார்கள். மற்ற ஜீப்புகளுக்கும் பேச்சு பரவியது. அங்கேயும் நிறுத்தினார்கள். பெண்கள் பேசாத இடத்தில் தோட்டத்துக்காரர் எதற்குப் பேசுவார்? அவர்களும் புதுசுக்குப் போனார்கள். தோட்டத்துக்காரர் இல்லாத இடத்தில் உரக்கடைக்காரர் எதற்கு விளம்பரம் பேசுவார்? எஸ்டேட் சூப்பர்வைசர் ஒரு பெண்ணைக் கூப்பிட்ட மாதிரியேதான் நடந்தது. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் யாரையும் கூப்பிடவே இல்லை.

உங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "எல்லாரும் எந்தம்பியக் கள்ளன் மாதிரி நிக்க வெச்சுக் கேக்குறாங்க, நீங்க வண்டிக்குள்ளயே ஒக்காந்துருக்கீங்க," என்றாள். நான், "எறங்குனா மட்டும் என்ன சொல்லட்டும்? எனக்கும் என்ன நடக்குதுன்னு தெரியலையே," என்றேன். அது உண்மைதான்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். மாப்ளையில் பேச்சு நின்றுவிட்டது. நாங்கள் எங்கே போகிறோம் என்பதை நானும் அக்காவும் வாய்ப்பேச்சாகத்தான் முடிவு செய்தோம். அப்படியும் சிவப்பு ஜீப்பு எங்களுக்கு முன்னால் போய் நின்றது. மாமா மேல் குற்றம் என்றால் இது எப்படி?

ஒரு மத்தியானம் செல்லார்கோவில் பக்கத்து டீக்கடையில் சிவப்பு ஜீப்புக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லு. நாங்க போற எடம் ஒனக்கு யாரு சொல்றா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று யோசித்தார் போலிருக்கிறது. பிறகு போனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"யாரும் சொல்லலண்ணே. அதுவா காட்டுது. காலைல எந்திரிச்சுத் தொறந்தா, மொதல்ல உங்க ஆளுகதான் வந்து நிக்கிறாங்க. நா தேடவே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்னு அதுவே போடுது."

படத்தைப் பார்த்தேன். முந்தின நாள் படம். பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் என் ஜீப்பு, நம்பரோடு. அதற்குப் பின்னால் காய் காய வைக்கும் ஸ்டோரின் நீலக் கதவு. இந்தப் பக்கத்தில் நீலக் கதவு போட்ட ஸ்டோர் எது என்று எந்த ஜீப்புக்காரருக்கும் தெரியும். இன்று மேல்பகுதியில் காய் எடுத்தவர்கள் நாளைக்குக் கீழ்ப்பகுதியில்தான் எடுப்பார்கள். அந்தச் சுற்று முடியும்வரை அங்கேதான். இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

"நாங்க உனக்கு எப்பிடி வந்தோம்?" என்று கேட்டேன்.

"உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு, அந்தக்கா நம்பரும் இருக்கு. அதான் காரணமா இருக்கும். எனக்கென்னண்ணே தெரியும்? கையில கொண்டாந்து குடுக்குது. வேண்டாம்னு சொல்லுவனா?"

நான் அவர் டீக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். எதிரில் அந்தப் போன்தான் இருந்தது.

மறுநாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, பெண்கள் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். ஆனக்கரைத் தோட்டத்து நீலக் கதவைச் சொன்னேன், நம்பரைச் சொன்னேன். கங்காணி அக்கா போனை எடுத்துத் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தத் தம்பிய சும்மா கேட்டுப்புட்டோம்," என்றார்.

அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மாமா கவுண்டருக்குப் பின்னால் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். அக்கா மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்து, மத்தியானம் மிச்சம் வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கொடுத்தார். "சாப்புடு," என்றார். மாமா வாங்கிச் சாப்பிட்டார்.

"வெசயம் என் காதுக்கு வந்துச்சுக்கா," என்றார் மாமா. "அப்ப நாளைலருந்து திரும்ப நம்மகிட்டப் பேசுவீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நா பேசுவேன் தம்பி. யாரு கேப்பா?" என்றார் அக்கா. "தோட்டத்துக்காரரு அங்க இருக்காரு. எம் மருமக அங்க இருக்கா. எஞ்சோடி அங்க இருக்கா. எல்லாரையும் அங்க விட்டுட்டு நா மட்டும் ஒங்கிட்ட வந்து என்னத்தப் பேச?"

மாமா கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த போனைத் திரும்பக் கையில் எடுத்தார். "அது சரிதான்," என்றார்.

அந்த இடத்தில்தான் மாப்ள முடிந்தது. ஆப்பு நன்றாக இல்லாததால் இல்லை. அவர் தப்பு செய்ததாலும் இல்லை. தப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் யாராலும் திரும்பி வர முடியவில்லை. எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து திரும்பினால்தான் திரும்ப முடியும். வண்டிப் பெண்களும் தோட்டத்துக்காரரும் அப்படிச் சேர்ந்து பேச இருந்த இடம் மாப்ளதான். அதில் யாரும் இல்லை.

அந்தப் பெரிய கம்பெனிக்கு நம்மைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம்கூட இருந்திருக்காது. அவர்கள் வேறொரு பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நின்றார்கள். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று மாமா சொல்கிறார். இப்படி ஒரு ஆளின் ஆப்பு நின்றுபோனது அவர்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மாமா கடையைக் கொடுத்துவிட்டு பாலக்காட்டுப் பக்கம் போனார். இப்போது போனில் பேசும்போது பின்னாலிருந்து வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, ஊட்டுல இருக்கீங்களா? தண்ணி வருது, புடிச்சுக்கோங்க," என்று கூப்பிடுவது கேட்கும். மாமாவும், "வந்துட்டேனுங்க," என்பார். என் தம்பியா இப்படிப் பேசுகிறான் என்று உங்கள் அம்மா சிரிப்பாள், பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் வண்டிப் பெண்கள் இப்போதும் படம் எடுக்கிறார்கள். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்புக்கு முன்னால் நிற்காமல், ரோட்டோர மண்சுவரை ஒட்டி நிற்க வைத்து எடுக்கிறார். எல்லா நாளும் ஒரே மண்சுவர். சொந்தக்காரர்கள் இப்போதும் இதயம் போடுகிறார்கள். சிவப்பு ஜீப்புக்காரர், "என்னக்கா, எந்தச் சொவத்துல இன்னிக்கு வேல?" என்று கேட்கிறார். இப்போது புதுசைத் திறந்தால் சினிமாவும் சேலை விற்பனையும்தான் முதலில் வருகிறது, தோட்டத்துக்காரர் போட்ட சேதி எங்கேயோ கீழே கிடக்கிறது. அதனால் நான் காலையில் ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன், முன்பு மாதிரியே. பாதி நாள் தோட்டத்துக்காரர் எடுப்பதில்லை.

நீங்கள் இரண்டு பேரும் அதில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் படத்தை யாருடைய போனில் கொண்டுபோய்க் காலையில் முதலில் காட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இருக்கும் பயம். போடுவதற்கு முன்னால் உங்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள். பள்ளிக்கூடப் பேர்ப்பலகையா, நம் வீட்டுக் கதவா என்று.

போன வாரம் ஒன்று நடந்தது. மாமா வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்ட் நேரத்தைப் புதுசில்தான் சொல்கிறார்களாம். அதற்காக அவரும் அதில் சேர வேண்டியதாகிவிட்டது. எனக்கு அவர் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்து பெண்களுக்காகக் காத்திருந்தபோது போனைத் திறந்தேன். மாமா படம் இருந்தது, கம்பெனிச் சட்டையோடு, கொஞ்சம் இளைத்து. இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு பொத்தான்.

நான் அதை அமுக்கவில்லை. அதை மூடிவிட்டு அவருக்குப் போன் போட்டேன். உடனே எடுத்துவிட்டார்.

"என்ன மாப்ள, எந்திரிச்சாச்சா?" என்றேன்.